ஓவியத்து எருதும் குதிரையும் மரச்சிற்பமாகும்போது: பார்த்தவர்கள், செய்தவர்கள் சொல்லுங்கள்

யிவூ_சரக்கு:
சரக்கு எடுக்கச் சீனாவின் மொத்தச் சந்தை ஊரான யிவூ போகிற நம்மாட்கள் பக்கத்திலேயே இருக்கும் தொங்யாங்கை எட்டிப் பார்ப்பதில்லை. மரச்செதுக்கு வேலைக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு பட்டறைச் சுவரில் ஹான் ஹுவாங்கின் 'ஐந்து எருதுகள்' ஓவிய அச்சுப்படியை ஒட்டி வைத்து வேலை நடந்துகொண்டிருந்தது. ஹான் ஹுவாங் 8ஆம் நூற்றாண்டுக்காரர், தாங் அரசில் அமைச்சராக இருந்தவர். அசல் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீளம் கிட்டத்தட்ட 140 செ.மீ., உயரம் 21 செ.மீ.கூட வராது.

நடு எருது நம்மை நேருக்கு நேர் பார்த்து நிற்கும். முகம், மார்பு, முன்னங்கால் எல்லாம் கிடைத்துவிடும். முதுகு எவ்வளவு நீளம், வயிறு எவ்வளவு இறங்கும்? அதெல்லாம் தலைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. பட்டறைப் பெரியவர் பக்கவாட்டில் நிற்கும் மற்ற எருதுகளை அளந்து இதற்கு முதுகு கொடுத்தார்.

அப்புறம் கழுத்து மடிப்பு. ஓவியத்தில் அது தடித்த மைக்கோடு. வேலை பழகும் பையன் அந்தக் கோட்டை அப்படியே பள்ளமாக வெட்டிவிட்டான். பெரியவர் உளியை வாங்கி, பள்ளத்தின் இரண்டு ஓரத்தையும் மெல்லச் சரித்துக்கொண்டே வந்தார். கோடு மறைந்து தோல் தொங்க ஆரம்பித்தது! கற்பூர மரம் என்பதால் பட்டறை முழுக்க வாசனை. வண்ணம் பூசாமல் மரத்தின் நிறத்திலேயே விடுவதுதான் அந்த ஊர் வழக்கம். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

மீனா_நியூஜெர்சி:
நான் பார்த்தது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அதே தாங் காலத்து ஓவியர் ஹான் கான் வரைந்த வெள்ளைக் குதிரை. சுமார் 750ஆம் ஆண்டு ஓவியம், பேரரசர் ஷுவான்சோங்கின் செல்லக் குதிரை. கட்டுத்தறியில் கட்டிப் போட்டும் திமிறுகிறது, பிடரி சிலிர்த்து நிற்கிறது. சுற்றிலும் பழைய உரிமையாளர்களின் சிவப்பு முத்திரைகள். ஆனால் வாலைக் காணோம். மரத்தில் செய்கிறவர்கள் வாலுக்கு என்ன செய்வார்கள்?

உளிக்காரன்:
மீனா அக்கா, அந்தக் குதிரையைத் தேக்கில் முயன்றிருக்கிறேன். வாலை விடுங்கள், கால்தான் பாடு படுத்தும். மரத்தின் நார் மேலிருந்து கீழாக ஓடுகிறது, தூக்கி மடக்கிய கால் குறுக்கே போகிறது. அந்த இடத்தில் நார் துண்டு துண்டாகிவிடும், லேசாகத் தட்டினாலே ஒடியும். அதனால் அந்தக் காலைத் தனிக்கட்டையில் நார் நீளவாக்கில் வரும்படி வெட்டி, மரமுளை வைத்துச் சேர்த்தேன். தறியை எடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். எடுத்தால் அது சும்மா துள்ளுகிற குதிரை. கட்டியிருப்பதால்தானே அந்தத் திமிறல்! வாலைத் தொடை நடுவே ஒடுக்கிவிட்டேன், மிரண்ட குதிரை அப்படித்தான் வைக்கும்.

மீனா_நியூஜெர்சி:
தம்பி, அது மிரண்ட குதிரை இல்லை, கோபக்காரக் குதிரை. அடுத்த முறை வாலைத் தூக்கி வையுங்கள்.