அடைத்த ஸ்டூடியோவில் மூச்சு முட்டுகிறது, சுவர் வேர்க்கிறது: காற்றுக்கு என்ன வழி?

தவில்பட்டறை (கெப்போங்)

வணக்கம் அண்ணன்மாரே. கெப்போங்கில் மூலை வீடு. பின்பக்கக் காலி இடத்தில் தனியாகக் கட்டிய பயிற்சி அறை. வெளியே ஒற்றைச் செங்கல் சுவர், மேலே தகரக் கூரை. உள்ளே சுவரைத் தொடாமல் தனிச் சட்டம், 100 மிமீ ராக்வூல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு), 12 மிமீ ஜிப்சம் பலகை இரண்டு அடுக்கு. உள்ளளவு 5 மீட்டருக்கு 3.2 மீட்டர், உயரம் 2.4. அடுத்தடுத்து இரண்டு கதவு. தவில், நாதஸ்வரம், கீபோர்டு, டிரம், பாட்டு என்று ஐந்து பேர் உட்காருவோம். ஒலி வெளியே போவதில்லை, அந்த மட்டில் சரி.

மற்றதெல்லாம் தொல்லை. 1.5 ஹெச்பி இன்வெர்ட்டர் ஏர்கோன் 18 டிகிரியில் ஓடுகிறது. அப்படியும் முக்கால் மணி நேரத்தில் தலை கனக்கிறது. கரியமிலவாயு மீட்டர் வைத்துப் பார்த்தால் 50 நிமிடத்தில் 2,700 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் அத்தனை பங்கு). பாத்ரூமுக்குப் போடும் 6 அங்குல எக்ஸ்ஹாஸ்ட் ஃபேன் ஒன்றைச் சுவரில் வைத்தோம். தவில் சத்தம் அது வழியாகத் தெருவுக்கே போனது, உடனே அடைத்துவிட்டோம். அடைத்த ஓட்டையைச் சுற்றி ஜிப்சம் ஈரமாகிக் கரும்புள்ளியாய்ப் பூசணம். ஆம்ப் பின்பலகையிலும் பூசணம். ஏர்கோன்காரர் 2 ஹெச்பி மாற்றச் சொல்கிறார். மாற்றினால் தீருமா?

குளிர்க்காற்று (செந்தூல்)

தீராது தம்பி, இன்னும் கெடும். முதல்ல ஒண்ணு: ஸ்பிளிட் ஏர்கோன் உள்ள இருக்கற காத்தையேதான் சுத்திச் சுத்திக் குளுமையாக்குது. வெளிக்காத்து ஒரு சொட்டுகூட அது வழியா வராது. உங்க அறை 38 கனமீட்டர் சொச்சம். வாசிச்சுக்கிட்டு இருக்கற ஆள் மணிக்கு 20, 22 லிட்டர் கரியமிலவாயு விடுவார். அஞ்சு பேருக்கு 110 லிட்டர். கணக்கு போட்டா ஒரு மணி நேரத்துல 2,800க்கு மேல ஏறணும். உங்க மீட்டர் சரியாத்தான் சொல்லுது. அறையும் நல்லா அடைச்சிருக்கீங்கன்னு அதுலயே தெரியுது. நம்ம மலேசிய நாட்டு உட்புறக் காற்றுத் தர நடைமுறை விதி (2010) வேலையிடத்துக்கு வச்சிருக்கற உச்சவரம்பு 1,000 பிபிஎம். வெப்பம் 23லேர்ந்து 26 டிகிரி, ஈரப்பதம் 40லேர்ந்து 70 விழுக்காடு. ஸ்டூடியோவுக்கும் அதையே குறியா வச்சுக்கலாம்.

1,000 பக்கத்துல நிக்கணும்னா விநாடிக்கு 50 லிட்டர் வெளிக்காத்து வேணும், அதாவது மணிக்கு 180 கனமீட்டர். இதுல என்ன சிக்கல்னா, குளிர்நாட்டு வீடியோவைப் பாத்துக் கட்டறவங்க ஓட்டையப் போட்டா காத்து வந்துடும்னு நெனைக்கறாங்க. கோலாலம்பூர்ல காத்தோட சேந்து தண்ணியும் வருது. இங்க வெளிக்காத்துல கிலோவுக்கு 19, 20 கிராம் ஈரம். 25 டிகிரி, 55 விழுக்காடுல வச்ச அறைக்குள்ள 11 கிராம்தான். அந்த 50 லிட்டர் ஓட்டத்துல மணிக்கு ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணி உங்க ஸ்டூடியோவுக்குள்ள வருது. அதைப் புழியணும்.

இப்ப ஏர்கோன் எடுக்க வேண்டிய சூட்டுச் சுமையப் பாருங்க. வெளிக்காத்து: ஈரத்துக்கு 1,200 வாட், சூட்டுக்கு 400 வாட். ஆளுங்க அஞ்சு பேர் 750 வாட் (தவிலும் டிரம்மும் வாசிக்கறவங்க மத்தவங்களவிட ஒன்றரை மடங்கு சூடு விடுவாங்க). ஆம்ப், கம்ப்யூட்டர், மிக்ஸர், விளக்கு 500. சுவர், கூரை 500. மொத்தம் 3,350 வாட், மணிக்குக் கிட்டத்தட்ட 11,400 பிடியூ (ஏர்கோன் சக்திய அளக்கற அலகு). 1.5 ஹெச்பின்னா 12,000 பிடியூ, அதுவே போதும். 2 ஹெச்பி 18,000. அதப் போட்டா அஞ்சே நிமிஷத்துல வெப்பத்த எறக்கிட்டு கம்ப்ரஸர் அடங்கிடும். ஏர்கோனுக்குள்ள இருக்கற காயில் (குளுந்த குழாய்ச் சுருள்) நல்லா சில்லுன்னு இருந்து காத்து அதுமேல தொடர்ந்து ஓடினாத்தான் தண்ணி சொட்டும். அடங்கின கம்ப்ரஸர் தண்ணி எடுக்காது. காயில்ல ஒட்டியிருக்கற ஈரத்தையும் ஃபேன் திரும்ப அறைக்குள்ளயே ஊதிடும்.

சுவர் வேர்க்கறதுக்குக் காரணம் அந்த 18 டிகிரி. வெளிக்காத்து 24, 25 டிகிரியத் தொட்டாலே தண்ணியா மாறும். உங்க ஜிப்சம் 19 டிகிரில இருக்கு. அடைச்ச ஓட்டையோட கீத்துல வெளிக்காத்து கசிஞ்சு வந்து ஜிப்சத்தோட பின்பக்கம் படுது. ஐஸ் மைலோ கிளாஸ் வெளிப்பக்கம் நனையற மாதிரிதான். ஏர்கோனை 24, 25ல வைங்க, பாதிப் பிரச்சனை இன்னிக்கே கொறையும். ஓட்டைய ஃபோம் ஸ்பிரே அடிச்சு மூடியிருந்தா பிச்சு எடுத்துடுங்க. அது எடை இல்லாத சாமான், ஒலிக்கு ஓட்டை மாதிரிதான். ராக்வூல் திணிச்சு, ரெண்டு பக்கமும் பலகை வச்சு, விளிம்புல இறுகாத அக்கூஸ்டிக் சீலன்ட் (ஒலிக் கீத்த அடைக்கற பசை) போடணும்.

பலகைத்தச்சன் (பிரிக்பீல்ட்ஸ்)

அண்ணன் சொன்ன 50 லிட்டரைச் சத்தமில்லாமல் உள்ளே கொண்டுவர மஃப்ளர் பெட்டி தேவை. பெயர் மோட்டார் சைக்கிளிலிருந்து வந்ததுதான், வேலையும் அதேதான்: காற்று வளைந்து வளைந்து போகும், ஒலி ஒவ்வொரு வளைவிலும் பஞ்சில் மோதும்.

காற்று வர ஒன்று, போக ஒன்று. இரண்டும் ஒரே அளவு. வெளிநீளம் 1,200 மிமீ, உள்ளே காற்றுப் பாதை 200க்கு 250 மிமீ. இந்தப் பாதையில் 50 லிட்டர் போனால் வேகம் விநாடிக்கு 1 மீட்டர்தான். இரைச்சல் கேட்காது. 2.5 மீட்டரைத் தாண்டினால் பாட்டு மைக்கில் 'உஸ்' என்று விழும். பாதையைச் சிறிதாக்கி ஃபேனைப் பெரிதாக்குவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. பெட்டிக்குள் மூன்று தடுப்புப் பலகை, ஒன்று மேலிருந்து, ஒன்று கீழிருந்து, மறுபடி மேலிருந்து. உள் முகமெல்லாம் 25 மிமீ ராக்வூல், மேலே கறுப்புத் துணி ஒட்டியது. துணி இல்லாத ராக்வூல் போட்டால் நார் பறந்து தொண்டைக்குப் போகும். முட்டைத்தட்டு ஸ்பாஞ்ச் வேண்டவே வேண்டாம். நெருப்புப் பிடித்தால் ஜன்னல் இல்லாத அறையில் அந்தப் புகையே ஆளைக் கொன்றுவிடும்.

பெட்டியின் எடை சுவரின் எடைக்கு நிகராக இருக்க வேண்டும். இரண்டு அடுக்கு 12 மிமீ ஜிப்சம் சதுர மீட்டருக்கு 18 முதல் 20 கிலோ. 18 மிமீ பிளைவுட் ஒன்று 11 கிலோதான். ஆகவே பிளைவுட் இரண்டு அடுக்கு, நடுவே பசை போட்டுத் திருகுங்கள். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) கனம் கூடுதல்தான், ஆனால் நம் ஊர் ஈரத்தில் விளிம்பு உப்பி, ஒரு வருடத்தில் மூட்டு விட்டுவிடும்.

வெளிச்சுவர் ஓட்டையும் உட்சுவர் ஓட்டையும் நேருக்கு நேர் வரக்கூடாது. குறைந்தது 400 மிமீ தள்ளிப் போட்டு, நடுவில் 200 மிமீ வளையும் டக்ட் (காற்றுக் குழாய்) கொண்டு இணையுங்கள். இரும்புக் குழாய் வைத்தால் இரண்டு சுவரையும் பிணைத்துவிடும், அதிர்வு நேராகக் கடத்தும். இவ்வளவு செய்தும் தவிலின் தொப்பி (இடப்பக்கத் தோல்) அடியும் டிரம்மின் கிக்கும் கொஞ்சம் தப்பும். தாழ்ந்த ஒலிக்குப் பஞ்சு உதவாது, எடையும் நீளமும்தான் உதவும். வெளியே இன்னொரு பெட்டி சேர்க்க இடம் விட்டு வையுங்கள்.

ஃபேன் டக்ட்டுக்குள் பொருத்தும் வகை, குறைந்தது 100 பாஸ்கல் எதிரழுத்தத்தில் மணிக்கு 180 கனமீட்டர் தள்ள வேண்டும். அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் எண் தடையே இல்லாமல் அளந்தது, அதை நம்பாதீர்கள். கம்ப்யூட்டர் ஃபேன் நான்கு சேர்த்து வைப்பவர்கள் உண்டு. இரண்டு வளைவுக்கு மேல் அது தள்ளாது. ஃபேனைப் பெட்டிக்கு வெளிப்பக்கம், ரப்பர் தொங்கலில் மாட்டுங்கள்.

அதோடு ஃபேன் உள்ளே தள்ளும் பக்கம் இருக்கட்டும், உறிஞ்சும் பக்கம் வேண்டாம். உறிஞ்சினால் அறைக்குள் அழுத்தம் குறைந்து, ஒவ்வொரு கீற்றிலும் வெளி ஈரம் இழுபடும். ஏர்கோன் தண்ணீர்க் குழாய் வழியாகக்கூடக் காற்று ஏறும். தட்டில் தண்ணீர் கொடகொடவென்று சத்தம் போடும், சில சமயம் வழியும். எப்படியும் அந்தக் குழாயில் 50 மிமீ ஆழத்துக்கு ஒரு யூ வளைவு போடுங்கள்.

பினாங்கு மிக்ஸர் (ஜெலுத்தோங்)

மேலே இருவர் சொன்னதும் சரி. ஒன்று விட்டுப்போனது. செந்தூல் அண்ணன் கணக்கில் மொத்தச் சுமை 3,350 வாட். அதில் ஆட்களின் வியர்வையும் மூச்சும் சேர்ந்து, ஈரம் மட்டும் ஏறக்குறைய 1,550 வாட். பாதிக்குச் சற்றுக் குறைவு. சாதாரண ஸ்பிளிட் தன் சக்தியில் நாலில் ஒரு பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் ஈரத்துக்குச் செலவிடும். அதனால் 1.5 ஹெச்பி வெப்பத்தைப் பிடித்துவிடும். ஈரம் 55இல் நிற்காது, 65, 70 என்று ஏறும்.

வழி இரண்டு. முதலாவது ஈஆர்வி, அதாவது வெளியேறும் காற்றின் குளிர்ச்சியை மீட்கும் காற்றோட்டச் சாதனம். வெளியேறும் குளிர்க்காற்றும் உள்ளே வரும் சூடான காற்றும் ஒரு காகித அடுக்கின் இரு பக்கமாகப் போகும், கலக்காது. வரும் காற்றின் ஈரத்திலும் சூட்டிலும் பாதிக்கு மேல் போகும் காற்று வாங்கிக்கொள்ளும். 60 விழுக்காடு ஈரம் மாற்றும் சாதனம் என்றால் 1,200 வாட் 480 ஆகிவிடும். எஞ்சியதை உங்கள் ஏர்கோனே சமாளிக்கும். வாங்கும்போது ஈரத்தையும் மாற்றுமா என்று கேட்டு வாங்குங்கள். வெப்பத்தை மட்டும் மாற்றும் அலுமினிய அடுக்கு நம் ஊருக்குப் பயன் குறைவு. ஈஆர்வி போட்டால் உறிஞ்சுவதும் தள்ளுவதும் அதுவே, தனி ஃபேன் வேண்டாம். தள்ளுவதை ஒரு படி கூடுதலாக வையுங்கள்.

இரண்டாவது, நாளுக்கு 20 லிட்டர் எடுக்கும் ஈரம் உறிஞ்சி. முதல் செலவு குறைவு. ஆனால் அதுவே 300, 400 வாட் சூடு விடும், ஒலிப்பதிவின்போது அணைத்தாக வேண்டும். பயிற்சி இல்லாத நாட்களில் பூசணம் தடுக்கத்தான் அது நல்லது.

எதைப் போட்டாலும் வெளிக்காற்று ஏர்கோனின் மேல்பக்கம், அது காற்று இழுக்கும் வாய்க்கு அருகில் விழ வேண்டும். அப்போதுதான் ஈரக்காற்று வேறு எதையும் தொடும் முன் காயிலைத் தொடும். வெளியேறும் வாய் எதிர்க்கோடியில். வெளிக்காற்றைக் குளிர்ந்த சுவர் மேலோ ஆம்ப் பின்னாலோ விட்டால் இப்போதுள்ள பூசணம் இடம் மாறி வளரும், அவ்வளவுதான்.

உட்சுவரில் ஜிப்சத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் விரித்திருக்கிறீர்களா? குளிர்நாட்டில் ஈரம் உள்ளிருந்து வெளியே போகும், அங்கே அது சரி. இங்கே வெளியிலிருந்து உள்ளே வருகிறது. பிளாஸ்டிக்கின் பின்முகத்தில் தண்ணீர் கோத்துக்கொண்டு ராக்வூல் நனையும். ஈரம் தடுக்கும் பூச்சு செங்கல்லின் வெளிமுகத்தில் இருக்க வேண்டும். உள்ளே சாதாரண எமல்ஷன் பெயின்ட், வினைல் வால்பேப்பர் கூடாது.

தோல் வாத்தியத்துக்கும் இதுவே நல்லது. 50, 55 விழுக்காட்டில் நிலையாக இருந்தால் தவிலின் வலப்பக்கத் தோலான வலந்தலையும் மிருதங்கமும் சுருதி நிற்கும். 18 டிகிரி ஏர்கோன் காற்று நேராகப் படும் இடத்தில் வைத்தால் தோல் இறுகிச் சுருதி ஏறும், கதவைத் திறந்ததும் தொய்யும். ஏர்கோனின் வீச்சு யார் தலைமேலும், எந்தத் தோல்மேலும் படாமல் திருப்புங்கள்.

தவில்பட்டறை (கெப்போங்)

நன்றி அண்ணே, ஐயா. பிளாஸ்டிக் விரித்திருக்கிறது. பலகையைக் கழற்றத்தான் வேண்டும் போல. இரண்டு கேள்வி. அடுத்த வீட்டுப் பக்கம் சுவரைத் தொட முடியாது. காற்று வருவதும் போவதும் ஒரே பின்சுவரில் வைக்கலாமா? பயிற்சி முடிந்ததும் ஃபேனை ஓடவிடலாமா?

குளிர்க்காற்று (செந்தூல்)

ஒரே சுவர்ல வைக்கலாம் தம்பி, ரெண்டு வாய்க்கும் நடுவுல 2.5 மீட்டராவது விடுங்க, போற வாயை வேற பக்கம் பாக்கத் திருப்புங்க. இல்லன்னா விட்ட காத்தையே திரும்ப இழுக்கும். ஏர்கோன் அவுட்டோர் (வெளிப்பெட்டி) ஊதற சூட்டுக்கும் தள்ளி இருக்கணும். வர்ற வாய்ல கொசுவலை, பின்னால கழுவற ஃபில்டர். வலை இல்லன்னா பல்லி போய் ஃபேன்ல மாட்டும். புகைமூட்டக் காலத்துல கொஞ்சம் அடர்த்தியான ஃபில்டர் மாத்துங்க. அது 50 பாஸ்கல் தின்னும், ஃபேன் வாங்கும்போதே அதைச் சேத்துக்கணும். மாசத்துக்கு ஒருதடவை கழுவுங்க. அடைச்ச ஃபில்டர்தான் பாதிப் புகாருக்குக் காரணம்.

ஃபேனை ஓடவிடாதீங்க. ஏர்கோன் இல்லாம வெளிக்காத்து உள்ள வந்தா, குளுந்து கிடக்கற சாமான் மேல எல்லாம் ஈரம் படிஞ்சிடும். எல்லாரும் கெளம்பினதும் ஃபேனை நிறுத்தி, ரெண்டு வாயோட மூடியையும் சாத்திட்டு, ஏர்கோனை டிரை மோட்ல (ஈரம் எடுக்கற நிலை) அரை மணி நேரம் விடுங்க. தனியா உக்காந்து மிக்ஸிங் பண்ற நாள்ல ஃபேனை விநாடிக்கு 10, 12 லிட்டருக்குக் கொறைச்சாப் போதும், மீட்டரைப் பாத்து வைங்க.

பலகைத்தச்சன் (பிரிக்பீல்ட்ஸ்)

பலகையைக் கழற்றுவதால் ஏர்கோன் செப்புக்குழாய் போகும் ஓட்டையையும் பாருங்கள். 65 மிமீ ஓட்டை இரண்டு சுவரிலும் நேராகத்தான் துளைத்திருப்பார்கள், உள்ளே காலியாகத்தான் இருக்கும். அவுட்டோர் ஸ்டூடியோ சுவரில் மாட்டியிருந்தால் இறக்கித் தரையில் ரப்பர் மேல் வையுங்கள்.

எல்லாம் முடிந்து ஃபேன் ஓடும்போது ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி வெளியேறும் வாயருகே பிடியுங்கள். புகை வாய்க்குள் சீராக இழுபட வேண்டும். பிறகு கதவு விளிம்பு, பிளக் பெட்டி, குழாய் ஓட்டை என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். அறைக்குள் அழுத்தம் கூடுதலாக இருப்பதால், கீற்று உள்ள இடத்தில் புகை அதை நோக்கி வளையும். அங்கெல்லாம் சீலன்ட்.

பினாங்கு மிக்ஸர் (ஜெலுத்தோங்)

ஊதுபத்திக்கு முன்னால் புகை அலாரத்தை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடிவிடுங்கள். முடிந்ததும் பையை எடுக்க மறக்க வேண்டாம்.