ஊர்க்கல்லில் எண்ணிக்கை இருக்கிறது, பெயர்கள் எங்கே?

ஈசூன்வாசி:
பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை வேலூர்ப் பக்கம் என் தாத்தாவின் ஊருக்கு அழைத்துச் சென்றிருந்தேன். பழைய சாவடிச் சுவரில், சுண்ணாம்பில் பாதி மறைந்து ஒரு சலவைக்கல் பதிந்திருக்கிறது. 1914–1919 மாபெரும் போருக்கு இவ்வூரிலிருந்து 14 பேர் சென்றனர், அவர்களுள் 2 பேர் உயிர் நீத்தனர் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஒருவர் பெயரும் இல்லை. போர் 1918இல் முடிந்ததாகத்தானே படித்தோம்? அந்த இருவர் யாரென்று அறிய வழி உண்டா?

பழங்கல்:
ஆள் அனுப்பிய ஊர்களில் பிரிட்டிஷ் அரசு போருக்குப் பின் இத்தகைய கற்களைப் பதித்தது. வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான், எண்கள் மட்டுமே ஊருக்கு ஊர் மாறும். சண்டை 1918 நவம்பர் 11இல் நின்றாலும், வெர்சாய் உடன்படிக்கை 1919 ஜூன் 28இல்தான் கையெழுத்தானது என்பதால் அந்த ஆண்டைப் பொறித்தார்கள். இந்தியாவிலிருந்து சுமார் 13 லட்சம் பேர் பணியாற்றினர். 74,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மதராஸ் சாப்பர் (பாலம், பதுங்குகுழி போன்றவை அமைக்கும் பொறியாளர்) படையினர் இன்றைய ஈராக்கில் போரிட்டவர்கள். அங்குள்ள பஸ்ரா நினைவகத்தில் இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையாக மட்டுமே பொறித்தார்கள். உங்கள் ஊர்க்கல் சிறியது என்று சமாதானம் சொல்லலாம். பஸ்ராவில் இடப்பஞ்சம் இருந்ததாக யாரும் சொல்ல முடியாது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல்தான் இந்தப் பாகுபாட்டுக்கு மன்னிப்புக் கேட்டது.

கிராஞ்சிக்காரர்:
அந்த ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். இந்திய வீரர்கள் பலருக்குத் தந்தை பெயர், ஊர், மாவட்டம் ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும். ஆள்பெயரைவிட ஊர்ப்பெயரை, அக்கால ஆங்கில எழுத்துக்கூட்டலில், வேலூர் அப்போது அடங்கியிருந்த வட ஆர்க்காடு மாவட்டத்தோடு சேர்த்துத் தேடுவது பயன்தரும். நம் சிங்கப்பூரின் கிராஞ்சி போர் நினைவகத்தில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தாலும் அவை இரண்டாம் உலகப் போரைச் சேர்ந்தவை. அங்கே தேடி அலைய வேண்டாம்.

இங்கே எஸ்பிளனேடில் உள்ள செனோடாஃப் என்னும் போர் நினைவுத் தூணையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். முதல் உலகப் போர்ப் பக்கத்தில் 124 பெயர்கள் உண்டு, தமிழ் இல்லை. பின்னர் சேர்த்த இரண்டாம் போர்ப் பக்கத்தில் நான்கு மொழிகளுள் ஒன்றாகத் தமிழ் உண்டு, பெயர்கள் இல்லை.

ஈசூன்வாசி:
மிக்க நன்றி. பொங்கலுக்குச் சாவடிக்கு மறுபடி வெள்ளையடிப்பார்களாம். அதற்கு முன் கல்லை வெறும் தண்ணீரால் துடைத்துப் படமெடுத்து அனுப்பும்படி சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.