ஹேயின்சா கோயில் உண்மையில் எவ்வளவு பழையது?

பனிமலை:
தென்கொரியாவில் காயா மலையில் இருக்கும் ஹேயின்சா பௌத்தக் கோயில் 802இல் கட்டியது என்று எங்கே பார்த்தாலும் போட்டிருக்கிறார்கள். படங்களைப் பார்த்தால் நடுவில் இருக்கும் பெரிய மண்டபம் அவ்வளவு பழசாகத் தெரியவில்லையே. கட்டடமே 1200 வருஷமா, இல்லை இடம் மட்டும்தான் பழசா?

சுவடிப்பெட்டி:
இடம்தான் பழசு. பழைய கொரிய நாடான சில்லாவின் அரசர் ஏஜாங் காலத்தில் இரண்டு துறவிகள் தொடங்கியது. அரசியின் நோயை அவர்கள் தீர்த்துவைத்ததால் அரசர் கட்டிக் கொடுத்தார் என்று ஒரு கதை, எல்லாக் கோயிலுக்கும் இப்படி ஒன்று இருக்குமே. எல்லாம் மரம் என்பதால் பல தடவை எரிந்திருக்கிறது. 1817இல் பிடித்த தீயில் பெரும்பகுதி போய்விட்டது, நீங்கள் சொல்லும் மண்டபம் அதற்கப்புறம் எழுப்பியதுதான். ஆனால் அதன் பின்னால் மேட்டில் நீளமாக இருக்கும் கூடங்களைப் பாருங்கள். அவை 15ஆம் நூற்றாண்டு, அந்தத் தீயிலும் தப்பியவை. பௌத்த மறைநூல் தொகுப்பான திரிபிடகத்தைச் செதுக்கிய 81,258 மரப்பலகைகள் அங்கேதான் இருக்கின்றன.

பனிமலை:
ஓ, சரி. பலகைகளும் அந்தக் காலத்தவைதானா? இவ்வளவையும் மலைமேல் கொண்டுபோய் ஏன் வைத்தார்கள்?

சுவடிப்பெட்டி:
பலகைகள் கூடங்களைவிடப் பழசு. முதலில் செதுக்கிய தொகுப்பை 1232இல் மங்கோலியப் படை எரித்துவிட்டது. கொரிய அரசவை கங்வா தீவுக்கு ஓடிப்போய், படையெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே 1236இல் மறுபடி ஆரம்பித்து 1251இல் முடித்தது. புத்தர் அருளால் எதிரி விலகுவான் என்ற நம்பிக்கைதான். 1398 வாக்கில் மலைக்கு வந்தன, கடலோரம் கொள்ளையர் தொல்லையில் இருந்ததால் உள்நாட்டு மலைதான் பத்திரம்.

காற்றாடி:
கூடத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! முன்சுவரில் கீழ்ச் சன்னல் பெரிசு, மேலே சின்னது. பின்சுவரில் அப்படியே தலைகீழ். உள்ளே வரும் காற்று முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் வெளியே போகும். தரைக்கு அடியில் கரி, உப்பு, சுண்ணாம்பு எல்லாம் கலந்து போட்டிருக்கிறார்கள், மழைக்காலத்து ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். எந்த இயந்திரமும் இல்லாமல் 500 வருஷத்துக்கு மேல் பலகை உளுக்காமல் நிற்கிறது.

வடக்குவாசல்:
காற்றைச் சொன்னவர் குண்டை விட்டுவிட்டார். கொரியப் போரில், 1951இல், காயா மலையில் பதுங்கியிருந்த வடகொரிய ஆட்களை அழிக்க அங்கே குண்டு போடச் சொல்லி உத்தரவு வந்தது. விமானப்படை அதிகாரி கிம் யங்-ஹ்வான் கோயில்மேல் போட மறுத்துவிட்டார். போட்டிருந்தால் சன்னல் கணக்கெல்லாம் எதற்கு? யுனெஸ்கோ 1995இல் கூடங்களைத்தான் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, பலகைகளுக்குத் தனி அங்கீகாரம் 2007இல் கிடைத்தது.