புதுப்பிப்பு: பம்ப் இழுத்தும் மூச்சு வாங்குகிறது என்று கேட்டிருந்தேனே

31 வருடம் சிகரெட் பிடித்தவன், இப்போது சிஓபிடி (மூச்சுக் குழாய் அடைபடும் நீண்டகால நுரையீரல் நோய்), மருந்து பம்ப் (இன்ஹேலர்) இழுத்தும் மூச்சு வாங்குகிறது என்று மாசியில் எழுதியிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. 'முதலில் பம்ப் பிடிக்கிற விதத்தை யாரிடமாவது காட்டுங்கள் அண்ணா' என்ற தங்கச்சி, நீங்கள் சொன்னதுதான் சரி.

கிளினிக்கில் தாதியின் முன்னால் இழுத்துக் காட்டினேன். சிரித்துவிட்டார். அழுத்தி முடித்த பிறகுதான் மூச்சை இழுக்கிறேனாம். மருந்து தொண்டையிலேயே ஒட்டிவிடுகிறது. இப்போது ஸ்பேசர், அதாவது பம்பின் வாயில் மாட்டி மருந்தை இழுக்கிற குழாய். குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, ஒரு தரம் அழுத்தி, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். பத்து எங்கே, ஆறிலேயே இருமல் வந்துவிடும். ஸ்டீரொய்ட் பம்ப் என்றால் வாய் கொப்பளிக்க மறக்காதீர்கள். நான் மறந்து, நாக்கில் வெள்ளை படிந்தது.

போன வெள்ளி திருகோணமலைக் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில்வரை நடந்தே போனேன். முன்பு ஓட்டோதான். ஏற்றத்தில் நான்கு இடத்தில் நின்று, விளக்கை அணைப்பதுபோல உதட்டைக் குவித்து மெல்ல ஊதினேன். ஒரு மான் மென்றுகொண்டே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

பழுதான நுரையீரல் திரும்பாது என்று டொக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். சிகரெட்டை விட்டதால் மேலும் கெடுவது மெதுவாகும், அவ்வளவுதான். விட்டு 14 மாதம். தேத்தண்ணிக் கடையைக் கண்டால் கை இன்னும் சட்டைப் பையைத் தடவுகிறது.

அப்புறம், புகை ஆகாது என்று விறகடுப்பையும் வெளியே வைத்தாயிற்று. மனைவிக்கு அதில்தான் கோபம்.