விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று சொன்னவர்

சாத்தூர்க்காரி:

குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். எப்படிப் போனாய் என்று கேட்டால் எல்லாரும் "கஷ்டப்பட்டுப் படித்தேன்" என்கிறோம். படித்தது சரி. எந்த அலுவலகத்தில் எந்தத் தாளை, எந்தத் தேதிக்குள் வாங்க வேண்டும் என்று நமக்கு யார் சொன்னது? வீட்டில் தெரியாது, பள்ளியில் சொல்லவில்லை. எனக்குச் சொன்னவர் தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிக்கொடுப்பவர். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. உங்களுக்கும் அப்படி ஒருவர் இருந்திருப்பார், எழுதுங்கள். முதலில் என் கதை.

நான் பிளஸ் டூ முடித்தது 2012இல். சாத்தூருக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவே ஒரு கிராமம். அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. (எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம், பட்டாசு ஆலையும் ஆபீஸ்தான். அந்தக் கணக்கில் எங்கள் ஊரில் எல்லாருக்கும் ஆபீஸ் உத்தியோகம்.) அப்பா லாரிக்குச் சரக்கு ஏற்றுபவர். அவர் படிப்புக்கு எதிரி அல்ல. படிப்பு என்பது பிளஸ் டூவோடு தீர்ந்துவிடும் ஒன்று என்று நினைத்திருந்தார், அவ்வளவுதான். ரிசல்ட் வருவதற்கு முன்பே அம்மாவின் ஆபீஸில் எனக்கும் சொல்லிவைத்தாயிற்று.

பள்ளியில் நான் முதல் குரூப். இயற்பியல் ஆசிரியர் பணியிடம் காலி. பெற்றோர் ஆசிரியர் கழகம் அமர்த்தியவரும் தீபாவளியோடு வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். 'மின்னோட்டத்தின் விளைவுகள்' பாடத்தை நானும் இன்னும் இரண்டு பெண்களும் மாறி மாறிச் சத்தமாக வாசித்தே கடந்தோம். புரிந்ததா என்று கேட்காதீர்கள். மதிப்பெண் பட்டியல் வாங்கப் போன அன்று ஓர் ஆசிரியை, "நல்ல மார்க்தான். வீட்டில் சீக்கிரம் ஒரு நல்லது செய்யச் சொல்" என்றார். வாழ்த்தாகத்தான் சொன்னார், அதுதான் வேடிக்கை.

அந்த வாரம் பாட்டியின் முதியோர் உதவித்தொகை நின்றுபோனதற்காக அவளைக் கூட்டிக்கொண்டு தாலுகா அலுவலகம் போயிருந்தேன். வாசல் வேப்பமரத்தடியில் ஒரு மடக்கு மேசை, கார்பன் தாள், காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு கருங்கல். மனு எழுத இருபது ரூபாய். கையில் பஸ்ஸுக்குத்தான் இருந்தது. "தாள் மட்டும் கொடுங்கள் ஐயா, நானே எழுதிக்கொள்கிறேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை. நான் எழுதி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ன படித்திருக்கிறாய் தாயி? கணக்கில் எவ்வளவு?" என்றார்.

"194."

கெட்டுப்போன மனுத்தாள் ஒன்றைத் திருப்பிப்போட்டு எழுதினார். கணக்கில் பாதி, 97. இயற்பியல் 176, அதில் கால் பங்கு 44. வேதியியல் 184, கால் பங்கு 46. கூட்டிக் கோடு போட்டு, 187 என்று எழுதி வட்டம் போட்டார். "இருநூற்றுக்கு இது. இதற்குப் பெயர் கட்ஆஃப். இதை வைத்துக்கொண்டு தீப்பெட்டி ஒட்டப் போகிறாயா?"

கட்ஆஃப் என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அந்தக் கட்ஆஃப் வரிசைப்படி கல்லூரி இடம் தரும் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் 500 ரூபாய், கடைசித் தேதிக்கு இன்னும் நான்கு நாள், எந்த ஊரில் விற்கிறார்கள் என்பதெல்லாம் அவர் வாயால் வந்தது. வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் உண்டு, காட்டினால் கல்விக் கட்டணத்தில் சலுகை என்றும் சொன்னார். அந்தச் சலுகை வந்தே அப்போது இரண்டு வருடம்தான். எங்கள் பள்ளிக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லையா, வந்து அலமாரிக்குள் போய்விட்டதா, கடவுளுக்கே வெளிச்சம். அதற்கான மனுவை அவரே எழுதினார். பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பத்து ரூபாய் போதும் என்று வாங்கிக்கொண்டார்.

கிராம நிர்வாக அலுவலர் விசாரித்தது தனிக் கூத்து. அப்பா பட்டதாரியா, அம்மா பட்டதாரியா என்பதோடு விடவில்லை. "அப்பாவைப் பெற்ற தாத்தா? அம்மாவைப் பெற்ற தாத்தா?" தாத்தா ஆடு மேய்த்தவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சட்டையில் தெறித்தது.

அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அம்மா ஆதரித்தாள் என்றும் சொல்ல முடியாது. "கேட்டுத் தொலைக்க மாட்டாய்" என்று திட்டிக்கொண்டே தோட்டை அடகு வைத்து, கலந்தாய்வில் கட்ட வேண்டிய ஐயாயிரத்தைப் புரட்டினாள். அப்போதெல்லாம் சென்னைக்கு நேரில் போக வேண்டும். 2018இல்தான் எல்லாம் ஆன்லைனுக்குப் போனது. அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் அரசுப் பஸ்ஸில் பாதி டிக்கெட். ராத்திரி முழுக்கப் பயணம், மடியில் புளிச்சோற்றுப் பொட்டலம். இரண்டு நாள் கூலி போயிற்று என்று விழுப்புரம் வரை புலம்பினாள்.

அண்ணா பல்கலைக்கழகக் கூடத்தில் பெரிய திரை. எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எத்தனை இடம் மீதம் என்று எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எண் தெரியும். இருபது வருடம் தீப்பெட்டிக் கட்டு எண்ணியவள். நமக்கு வேண்டிய பிரிவு திரையில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று என்னிடம் ஒரே ஒருமுறை கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் கண் அந்தக் கட்டத்தை விட்டு நகரவில்லை. "ஏழு. ஆறு. இப்போது நாலு. ஒரேயடியாக இரண்டு போய்விட்டது பார்" என்று என் முழங்கையைப் பிடித்து அழுத்திக்கொண்டே இருந்தாள். மூன்று இருக்கும்போது என்னை உள்ளே கூப்பிட்டார்கள். திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரி, சிவில். வெளியே வந்தபோது அம்மா திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இரண்டாகிவிட்டது. அந்த ஒன்று நீதானே?" என்றாள்.

கொழுந்துக்கூடை:

சாத்தூர் அக்கா, உங்களுக்கு மரத்தடி மனுக்காரர் என்றால் எனக்குத் தபால் பை தூக்கியவர். நான் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். லயக்காம்பராவுக்குத் தனி முகவரி கிடையாது. எங்கள் கடிதமெல்லாம் தோட்ட ஆபீஸுக்குத்தான் வரும். அங்கிருந்து நம் கைக்கு வருவது அவரவர் தலையெழுத்து.

நுவரெலியா பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கிறது, பல்கலைக்கழக அனுமதியில் அந்த மாவட்டங்களுக்கென்று 5 வீதம் ஒதுக்கீடு உண்டு என்று பத்திரிகையில் வாசித்திருக்கிறேன். எங்கள் பாடசாலையில் உயர்தரத்துக்கு (உங்கள் பிளஸ் டூ மாதிரி) விஞ்ஞானப் பிரிவே இல்லை. அந்த ஒதுக்கீட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கலைப் பிரிவில் எழுதினேன். அதற்கு மாவட்ட ஒதுக்கீடு இல்லை, தீவு முழுவதும் ஒரே வரிசை. பெறுபேறு நன்றாகத்தான் வந்தது. விண்ணப்பித்துவிட்டுக் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் போகும் வழி அது. மாதங்கள் போயின. கடிதம் வரவில்லை, கிடைக்கவில்லை போலும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் தோட்டத்தில் அஞ்சலகத்திலிருந்து பையைச் சுமந்து வரும் ஐயா ஒருவர் இருந்தார். ஒருநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மாவைப் பார்த்து, "உன் மகனுக்கு வந்த நீளக் கடிதாசி என்னவாயிற்று? கொழும்பிலிருந்து வந்ததே" என்று கேட்டிருக்கிறார். அம்மா கூடையை இறக்கிப் போட்டுவிட்டு அப்படியே ஆபீஸுக்கு ஏறியிருக்கிறாள். நாள்கூலிக்காரி வேலை நேரத்தில் ஆபீஸ் படி ஏறுவது எங்கள் தோட்டத்தில் வழக்கமில்லை. பழைய கணக்குப் புத்தகங்களுக்கு அடியில், பிரிக்காமல், மூன்று வாரமாக அங்கேயே கிடந்திருக்கிறது. பதிவு செய்ய ஐந்து நாள் மிச்சம். வந்தாறுமூலை, கிழக்குப் பல்கலைக்கழகம். மகாபொல உதவித்தொகைதான் சோறு போட்டது.

அந்த ஐயா கேட்காமல் இருந்திருந்தால் இன்றைக்கும் சேலை மடித்துக்கொண்டிருப்பேன். கேவலமான வேலை என்று சொல்லவில்லை. நன்றாகவே மடிப்பேன்.

பட்டுக்கோட்டைப் பழையவன்:

நம் கதை அதைவிடப் பழசு, 1994. பள்ளியில் ஆய்வகக் கட்டணம் பாக்கி என்று மாற்றுச் சான்றிதழைத் தர மறுத்துவிட்டார்கள். அப்பா பண்ணை வேலை. பாக்கியைக் கேட்க எனக்கே வாய் வரவில்லை. முடி வெட்டப் போன கடையில் பழைய நாளிதழ் ஒன்றைப் புரட்டியபோது அரசுக் கலைக் கல்லூரி அறிவிப்பு கண்ணில் பட்டது. தேதி முடிந்து இரண்டு நாள். இருந்தாலும் போனேன். எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே "முடிந்துவிட்டது" என்றார். தண்ணீர்க்குடம் நிரப்பிக்கொண்டிருந்த அலுவலக உதவியாளர் பின்னாலேயே வந்து, "வரலாற்றில் இடம் நிரம்பவில்லை தம்பி. திங்கட்கிழமை முதல்வர் இருப்பார், நேரே அவரைப் பார்" என்றார். எனக்கு வரலாறு பிடிக்காது. பல வருடமாக அதைத்தான் பாடம் நடத்துகிறேன். (மாற்றுச் சான்றிதழ் எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். முடி வெட்டியவர் கடன் கொடுத்தார்.)

தென்காசி அண்ணாச்சி:

எல்லாம் சரிதான். ஆனால் "வீட்டில் ஆதரவில்லை" என்று எழுதும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். என் அப்பாவும் தடுத்தார். கடன் வாங்கிப் படிக்கவைத்த பக்கத்து வீட்டுப் பையன் வேலையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்ததை அவர் தினமும் பார்த்தார். அவர் பயந்ததில் என்ன தப்பு? பள்ளிக்கூடத்துக்குத்தான் சாக்கு இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு தேதியைச் சொல்லாமல் இருந்தவர்களை நான் மன்னிப்பதாக இல்லை.

சாத்தூர்க்காரி:

ஒப்புக்கொள்கிறேன் அண்ணாச்சி. முதல் விடுமுறைக்குப் போனபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, "ஹாஸ்டலில் சோறு அளந்து போடுகிறார்களா, வேண்டிய மட்டும் போடுகிறார்களா?" என்பதுதான். ஒரு மாதம் பேசாதிருந்தவர் எதை நினைத்துக்கொண்டிருந்தார் என்று அப்போது தெரிந்தது.

கோவில்பட்டி அம்மா:

நான் படிக்காதவள். பையன்தான் எழுதித் தருகிறான். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். முதல் பட்டதாரிச் சான்றுக்கு இப்போதும் தாலுகா அலுவலகத்துக்கு அலைய வேண்டுமா? அவளுடைய அண்ணன் ஐடிஐ படித்தான், அது கணக்கில் வருமா?

சாத்தூர்க்காரி:

முதலிலேயே அலைய வேண்டாம் அம்மா. பக்கத்து இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போடலாம். ஐடிஐ பட்டம் ஆகாது, அதனால் தடையில்லை. ஆனால் அண்ணனின் மாற்றுச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள், கேட்பார்கள். ரேஷன் கார்டு, ஆதார், மகளின் மாற்றுச் சான்றிதழும் எடுத்துப் போங்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்குக் கூப்பிட்டால் அன்றைக்கே போய்விடுங்கள், ஒரு வாரம் மிச்சமாகும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளி என்றால் பொறியியலிலும் மருத்துவத்திலும் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்குப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றிலும் அவள் மார்க் என்ன? இப்போது நூற்றுக்கு நூறு என்பதால் கணக்கு அப்படியே, மற்ற இரண்டும் பாதி. இங்கே எழுதுங்கள், கூட்டிச் சொல்கிறேன்.