ஜூனியர் டார்ம் லீடரா போட்டுட்டாங்க, நைட்டு அழற பையன என்ன பண்றது?

மேல்பங்க்:
பதினொண்ணாவது படிக்கிறேன், ஆறாவதுல இருந்தே ஹாஸ்டல்தான். இந்த வருஷம் என்னைய ஆறாவது பசங்க டார்முக்கு லீடரா போட்டுட்டாங்க, மொத்தம் 18 பேரு. ஸ்டடி அவர்ல சத்தம் வராம பாத்துக்கறது, எவன் சோப்ப எவன் எடுத்தான்ற பஞ்சாயத்து, இதெல்லாம் சமாளிச்சுடுவேன். ஒரே ஒரு பையன்தான் பிரச்சன. வந்து மூணு வாரம் ஆச்சு, டெய்லி லைட் ஆஃப் பண்ணின பத்தாவது நிமிஷம் போர்வைக்குள்ள அழ ஆரம்பிச்சுடறான், பக்கத்து பெட்டுல ரெண்டு பேருக்கும் தொத்திக்குது. பகல்ல நல்லாத்தான் இருக்கான், ஓடறான் சிரிக்கிறான், காலைல எல்லாருக்கும் முன்னாடி எந்திரிச்சு பெட்ட மடிச்சு வச்சிடறான், அதுல டாப்பு. நைட்டு எட்டரைக்கு வீட்டுக்கு போன் பேசிட்டு வந்தா மட்டும் மூஞ்சி மாறிடுது. பக்கத்துல உக்காந்து அழாதடா பழகிடும்னு சொல்லிப் பாத்துட்டேன், இன்னும் ஜாஸ்தியாத்தான் அழறான். வார்டன்கிட்ட சொன்னா மாட்டிவிட்ட மாதிரி ஆயிடுமோன்னும் இருக்கு.

டிரங்க்பெட்டி:
தம்பி, எட்டரைக்கு அம்மா குரல கேட்டுட்டு ஒன்பதரைக்கு இருட்டுல தனியா படுத்தா யாருக்குத்தான் அழுகை வராது. போன் டைம சாயங்காலம் விளையாடப் போறதுக்கு முன்னாடி மாத்த முடியுமான்னு கேட்டுப் பாரு, பேசிட்டு நேரா கிரவுண்டுக்கு ஓடிடுவான். அப்புறம் அந்த "பழகிடும்"ங்கறத மட்டும் சொல்லாத. எனக்கு அந்த வயசுல பயமே அதுதான், பழகிட்டா வீடு மறந்துடுமேன்னு. நான் அழுதப்ப லீடர் அண்ணன் ஆறுதல்லாம் சொல்லல, டார்ச்ச கையில குடுத்து ஜன்னல் கொக்கி எல்லாம் போட்டிருக்கான்னு பாத்துட்டு வாடான்னு அனுப்புனாரு, மறுநாள்ல இருந்து அது என் வேலையாவே ஆயிடுச்சு. அத்தன பேரும் தூங்கற ரூம நான்தான் பூட்டறேன்னா கெத்துதானே. (நாஸ்டால்ஜியாங்கற வார்த்தையே ஊர்விட்டு வந்தவங்க ஏக்கத்துக்கு 1688ல ஹோஃபர்னு ஒரு மருத்துவ மாணவர் வச்ச பேரு, வியாதின்னே எழுதியிருக்காரு. அதனால அவன கோழைன்னு எவனாவது சொன்னா விடாத.)

பழைய_பெஞ்ச்:
நாங்க படிக்கறப்ப அழுதா ரெண்டு அடிதான், கப்சிப்னு ஆயிடுவோம். இப்ப எல்லாத்துக்கும் பாலிஷ் பண்ணிட்டு இருக்கீங்க.

டிரங்க்பெட்டி:
கப்சிப்னு ஆனது அழுகை நின்னதாலயா சார், சத்தம் வராம அழக் கத்துக்கிட்டதாலயா?

சாவிக்கொத்து:
ஜூனியர் பிளாக்ல ஒன்பது வருஷமா வார்டனா இருக்கேன். போன் டைம் விஷயம் சரி, கண்டிப்பா மாத்துங்க. ஆனா எனக்கு உறுத்துனது வேற. முதல் ஆளா எந்திரிச்சு பெட்ட மடிக்கற ஆறாவது பையன நான் இதுவரைக்கும் சும்மா பாத்ததே இல்ல. பெட் நனையுதான்னு பாருங்க, அவன்கிட்ட கேக்காம. பத்து வயசுல நூத்துல அஞ்சு பிள்ளைங்களுக்கு இது இருக்கு, பல பேருக்கு அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சின்ன வயசுல இருந்திருக்கும், நின்னு போனவங்களுக்கும் புது எடத்து டென்ஷன்ல திரும்ப வரும். தூக்கத்துல தன்னால போயிடறது, அவன் கையில இல்ல. அப்படி இருந்தா அவன் அழறது வீட்டுக்காக மட்டும் இருக்காது, தூங்கறதுக்கே பயப்படறான். பகல்ல தண்ணி குடிக்காம இருக்கானான்னும் பாருங்க, சில பசங்க அப்படி பண்ணுவாங்க, அதுல மலச்சிக்கல் வந்து இன்னும் மோசமாகும். பாத்ரூம் போற வழியில ஒரு லைட் விடிய விடிய எரியட்டும். வார்டன்கிட்ட சொல்லுங்க, ஆனா தனியா, ஸ்டாஃப் ரூம்ல நாலு பேர் முன்னாடி வேண்டாம். அவங்க டாக்டர்கிட்ட காட்டுவாங்க, வீட்டுலயும் பேசுவாங்க. ஆமா, வீட்டுல "புடிக்கலன்னா வந்து கூட்டிட்டுப் போயிடறோம்"னு சொல்லி அனுப்பிச்சிருந்தா அதுவும் ஒரு காரணமா இருக்கும், பையன் நாள் எண்ணிக்கிட்டே இருப்பான், இங்க மனசு ஒட்டாது.

மேல்பங்க்:
மேடம், யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கண்ணான்னு கேட்டா என்ன பண்ண?

சாவிக்கொத்து:
பண்ணாதீங்க. "பசங்க யார்கிட்டயும் சொல்லமாட்டேன், உனக்கு உதவி பண்ற பெரியவங்க ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லுவேன்"னு முதல்லயே சொல்லிடுங்க. யாராவது அடிக்கறாங்க, தொடக்கூடாத மாதிரி தொடறாங்கன்னு வந்துச்சுன்னா அன்னைக்கே சொல்லணும், அத பதினாறு வயசுல நீங்க தனியா தூக்கி சுமக்கக் கூடாது.

மேல்பங்க்:
எல்லாரும் பிரேயருக்கு போனப்ப பாத்தேன். மெத்தைய திருப்பிப் போட்டிருக்கான், ஈர பெட்ஷீட்ட சுருட்டி பெட்டிக்கு அடியில வச்சிருக்கான். மூணு வாரமா ஒருத்தருக்கும் தெரியல, எனக்கும்தான். சாயங்காலம் வார்டன பாக்கப் போறேன்.

டிரங்க்பெட்டி:
ஷீட்டுல அவன் லாண்டரி நம்பர் இருக்கும், தனியா போட்டா பசங்க கண்டுபுடிச்சுடுவாங்க. உன் துணியோட சேத்து போட்டுடு.