அக்டோபர் ஓசோனைக் கோப்பாகக் கொடுத்தால் காலநிலை மாடலுக்குப் போதுமா?

ஓசோன் அளவை முன்பே தயாரித்த கோப்பாக மாடலுக்குத் தரலாம்; அல்லது மாடலே வேதியியலைக் கணக்கிட்டு ஓசோனை உருவாக்கலாம். முதல் வழிக்குத் தென்முனையும் இரண்டாவதற்கு வேதிக்கூடும் வாதாடுகிறார்கள்.

தென்முனை: ஓசோன் ஓட்டையால் தென் அரைக்கோள மேலைக்காற்று டிசம்பர்–பிப்ரவரியில் துருவப் பக்கம் நகர்ந்தது. இதைக் காட்ட மாதச் சராசரி ஓசோன் கோப்பே போதும். வேதியியலை உள்ளே ஓட்டினால் பல பத்து வாயுக்களைச் சுமக்க வேண்டும். அந்தக் கணினி நேரத்தில் அதே மாடலை இன்னும் சில முறை ஓட்டலாமே?

வேதிக்கூடு: கோப்பிலேயே பிழை தொடங்குகிறது, நண்பரே. செப்டம்பர் 200, அக்டோபர் 140, நவம்பர் 220 டாப்சன் (தலைக்கு மேலுள்ள மொத்த ஓசோனை அளக்கும் அலகு) என்று வைத்துக்கொள்வோம். மாடல் இவற்றை மாத நடுவில் நிறுத்தி நேர்கோட்டில் இணைக்கும். அக்டோபர் தொடக்கத்தில் 170, நடுவில் 140, கடைசியில் 180. சராசரி 157.5 ஆகிவிடுகிறது! ஓட்டையில் 17.5 அலகு தூர்ந்துபோயிற்று. வெயில் திரும்பும் அந்த வாரங்களில் ஓசோன் கூடினால் புற ஊதாவை அதிகம் உறிஞ்சும், துருவச் சுழல் (துருவத்தைச் சுற்றிவரும் குளிர்காற்று வளையம்) போதிய அளவு குளிராது, காற்று நகர்வும் குறையும்.

இன்னொன்று: 2002 செப்டம்பரில் சுழல் உடைந்து ஓட்டையே இரண்டாகப் பிளந்தது. மாடலில் அப்படி ஓர் ஆண்டு வந்தால் கோப்புக்கு அது தெரியாது. சூடேறிய துருவத்தின் மேலும் ஓட்டையை வைத்தே தீரும்.

தென்முனை: நேர்கோட்டுக் கணக்கு சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தினசரித் தரவு கொடுத்தால் அது தீர்ந்தது. என் கவலை வேறு. பல மாடல்களில் தென் துருவ ஸ்ட்ராடோஸ்பியர் (ஓசோன் படலம் இருக்கும் மேல் வளிமண்டல அடுக்கு) நிஜத்தைவிடக் குளிர். சுழலும் தாமதமாகவே உடைகிறது. சுமார் 195 கெல்வினுக்குக் கீழே துருவ மேகங்கள் உருவாகி, அவற்றின் பரப்பில் ஓசோனை அழிக்கும் குளோரின் விழித்துக்கொள்கிறது. மாடல் சில கெல்வின் கூடுதலாகக் குளிர்ந்தாலே மேகம் நீடிக்கும், ஓசோன் இன்னும் அழியும், அதனால் இன்னும் குளிரும். உள்ளே ஓடும் வேதியியல் மாடலின் பிழையை ஊதிப் பெருக்குகிறது. கோப்பு அந்தச் சுற்றை வெட்டிவிடுகிறது.

வேதிக்கூடு: வெட்டவில்லை, மூடி வைக்கிறது. அந்தக் குளிருக்கு முக்கியக் காரணம், 60° தெற்கை ஒட்டி காற்றில் மேலேறும் சிற்றலைகள் சுழலின் வேகத்தைத் தடுக்கும் இழுவை மாடலில் குறைவாக இருப்பது. அதைத்தான் முதலில் திருத்த வேண்டும். பிறகு ஒரு சோதனை: வேதியியலோடு ஓடிய மாடலின் ஓசோனையே, நாள்வாரிச் சராசரியாக்கி, வேதியியல் இல்லாத அதே மாடலுக்குக் கொடுங்கள். சராசரி ஓசோன் இரண்டிலும் ஒன்றே. மிஞ்சும் வேறுபாடு ஓசோனும் காற்றும் ஒன்றையொன்று இழுப்பதால் வருவது. 50 ஹெக்டோபாஸ்கலில் (சுமார் 20 கி.மீ. உயரத்தில்), 60° தெற்கில், மேலைக்காற்று வினாடிக்கு 10 மீட்டருக்குக் கீழ் இறங்கி மீளாத தேதியை, அதாவது சுழல் உடையும் தேதியை, ஆண்டுதோறும் குறித்து ஒப்பிடுங்கள்.

தென்முனை: அந்தச் சோதனை நியாயமானது. தேதிகளின் சிதறல் மட்டும் மாறி, நீண்டகாலப் போக்கு அப்படியே நின்றால், போக்கை ஆராய்பவருக்குக் கோப்பே போதும் என்பேன். பருவ முன்கணிப்புக்கு மட்டும் உங்கள் பக்கம் வருகிறேன். அங்கே அந்தந்த ஆண்டின் சிதறல்தான் எல்லாமே.